டெய்லர் வீட்டு ஓட்டு

"கும்பிடும்போது கையை நெஞ்சுக்கு நேரா வைங்கப்பா. மூக்குக்கு மேல போனா மன்னிப்பு கேக்கற மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

டெய்லர் கையை இறக்கிக்கொண்டு கண்ணாடியில் மறுபடி சிரித்துப் பார்த்தார். வீட்டு முன்னறையிலேயே இருந்த தையல் கடையில், வாடிக்கையாளர்கள் சட்டை போட்டு அழகு பார்க்கிற கண்ணாடி அது. இன்று அதன் எதிரே புது வெள்ளைச் சட்டையும் வேர்த்த முகமுமாக அவரே நின்றிருந்தார்.

நகராட்சித் தேர்தலுக்கு மனு கொடுக்க நாளை கடைசி நாள். டெய்லர் கவுன்சிலருக்கு நிற்கப்போகிறார் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. கிளப்பிவிட்டவர் எதிர்க்கடை டீக்காரர். வார்டில் பாதிப் பேருக்கு அளவெடுத்த மனிதருக்கு வார்டின் தேவை தெரியாதா என்று அவர் உசுப்பேற்ற, டெய்லரும் அந்த வேகத்தில் "நின்னுட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டார். இரண்டே நாளில் தனக்குச் சட்டையும் தைத்துக்கொண்டார். மற்றவர் துணி எதையும் அவர் அப்படி இரண்டு நாளில் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

மனைவிக்கு இதில் துளியும் சம்மதமில்லை என்பதை ஒரு வாரமாக அடுப்படியில் பாத்திரங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ரவிக்கையில் ஒரு கொக்கி விட்டுப்போனாலே வாசலில் வந்து கத்துகிறார்கள், இனி சாக்கடை அடைத்தாலும் நம் வாசலுக்குத்தான் வருவார்கள் என்று காலையில்கூடப் பொரிந்து தள்ளினாள்.

அதற்குத்தான் டெய்லர் ஒரு வழி சொன்னார். வீட்டுக்குள்ளேயே ஓட்டெடுப்பு. சொந்த வீட்டில் ஜெயிக்காதவன் வார்டில் ஜெயிப்பானா? வீடு சரியென்றால் நிற்பார், வேண்டாமென்றால் விட்டுவிடுவார். அவர், மனைவி, மகள், கடையில் காஜா எடுக்கும் மச்சான் என்று மொத்தம் நாலு ஓட்டு. சாட்சிக்கு டீக்காரரைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்தார். வீட்டு விஷயத்துக்கு வெளியாள் எதற்கு என்று மனைவி முணுமுணுத்தாள்.

"நாளைக்கு யாரும் ஒரு கேள்வி கேக்கக் கூடாது பாரு" என்றார் டெய்லர்.

மகள்தான் தேர்தல் அதிகாரி. ஆளுக்கு ஒரு வெள்ளைப் பட்டனும் ஒரு கறுப்புப் பட்டனும் கொடுத்தாள். வெள்ளை என்றால் நிற்கலாம், கறுப்பு என்றால் வேண்டாம். துணி போட்டுப் பார்க்கிற இடத்தின் திரைக்குப் பின்னால் போய், ஒன்றை நூல்கண்டு டப்பாவில் போட வேண்டும். மிஞ்சியதைப் பெரிய பட்டன் டப்பாவில் போட்டுவிட்டால், அங்கே கொட்டிக் கிடக்கிற பட்டன்களோடு அது கலந்துவிடும்.

"யாரு எதைப் போட்டாங்கன்னு கண்டுபிடிக்க முடியாதில்ல?" என்று கேட்டார் டெய்லர். முடியாது என்றாள் மகள். திரைக்குள் போகுமுன் இன்னொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

மச்சான் போன வேகத்தில் திரும்பினான். மகளும் அப்படித்தான். மனைவிதான் உள்ளே நேரம் எடுத்துக்கொண்டாள். ஒரு பட்டன் போட இத்தனை நேரமா, டப்பாவையே கறுப்பால் ரொப்புகிறாளோ என்று டெய்லர் டீக்காரரிடம் அலுத்துக்கொண்டார்.

மகள் டப்பாவை வெட்டு மேஜையில் கவிழ்த்தாள். மூன்று கறுப்பு. ஒரே ஒரு வெள்ளை.

மச்சான் எதையோ தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டான். மாமா பிரசாரத்துக்குக் கிளம்பினால் கடை முழுக்கத் தன் தலையில் விழும் என்று அங்கிருந்தே ஒப்புக்கொண்டான். பரீட்சை நேரத்தில் வாசலில் மைக் கட்டினால் தான் எப்படிப் படிப்பது என்று மகளும் தலையைக் குனிந்தாள். மனைவி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் ஓட்டு எது என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவும் இல்லை.

டெய்லர் அந்த வெள்ளைப் பட்டனை எடுத்து டீக்காரர் முகத்துக்கு நேரே காட்டினார். குரல் தழுதழுத்தது.

"பாத்தியாப்பா? எனக்கு விழுந்தது நான் போட்ட ஓட்டு ஒண்ணுதான். வார்டுக்கு உழைக்கணும்னு துடிச்சவனை, கட்டின பொண்டாட்டியும் பெத்த பொண்ணும் சேர்ந்து கவுத்துட்டாங்க."

டீக்காரருக்கே கண் கலங்கிவிட்டது. இப்படியொரு மனுஷனை இந்த வார்டு இழந்துவிட்டதே என்று டெய்லரைத் தட்டிக்கொடுத்துவிட்டு, வேறு ஆள் பார்க்கக் கிளம்பினார். போகிற வழியெல்லாம் அவர் டெய்லரின் தியாகத்தைச் சொல்லிக்கொண்டு போனது கடை வரைக்கும் கேட்டது.

டெய்லர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினார். மிஷினில் உட்கார்ந்து மிதித்தார். ஒரு வாரமாக முரண்டு பிடித்த மிஷின் பிய்த்துக்கொண்டு ஓடியது. அவர் வாயில் தானாக ஒரு பாட்டு வந்தது. தோற்றுப்போனது ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"உன்மேல எனக்குக் கோபம் இல்லம்மா. ஊரே என்னை நம்புது. நீ ஒருத்தி நம்பியிருக்கலாம், அவ்வளவுதான்."

அவள் கையை வைத்து மிஷின் சக்கரத்தை நிறுத்தினாள்.

"அந்த வெள்ளைப் பட்டன் நான் போட்டதுங்க."