உரிச்சு வச்ச மாதிரி

அவள் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறைக்குள் கையைத் தாங்கிப் பிடித்தபடி வந்தவர், அடுத்த மாதம் அவளுக்கு மாமியாராகப் போகிறவர்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்மா."

"கையை ஆட்டாதீங்க அத்தை. ஆமா, உங்க பையன் எப்படி? கோபம் வருமா?"

"அவங்க அப்பாவை உரிச்சு வச்ச மாதிரி."

"அப்ப நான் கொடுத்து வச்சவ! மாமா அதிர்ந்துகூடப் பேசமாட்டாரே!"

அத்தை சிரிக்கவில்லை.

திரையில் படம் வந்தது. புதிதாக ஒரு முறிவு. அதைச் சுற்றி, எப்போதோ உடைந்து கோணலாகக் கூடிய பழைய முறிவுகள் மூன்று.

"எத்தனை தடவை அத்தை விழுந்தீங்க?"

"ஒரு தடவைகூட விழலைம்மா. எங்க தெருவுலயே எக்ஸ்ரே எடுக்கிற இடம் ரெண்டு இருக்கு. நீ பார்க்கணும்னுதான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்."