பாலத்தருகே நின்ற சைரன்

"அந்த நடிகர் உங்க தோள்ல கை போட்டாரா? விமான நிலையத்துலயா? தள்ளி நில்லுங்கன்னு ஒதுக்கிவிட்டிருப்பார் சார்!"

ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னதும் பிசியோதெரபி அறையில் சிரிப்பு எழுந்தது. கழுத்துப் பட்டையோடு இருந்த வங்கி எழுத்தர், திரும்பி முறைக்கக்கூட முடியாமல் கூரையை முறைத்தார்.

இடுப்பிலும் தோளிலும் சூட்டுப் பையை வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டிய அறை அது. வாய்க்கு மட்டும்தான் வேலை. காலையில் வந்தால் சினிமாதான் அரைபடும்.

டிரைவருக்கு அங்கே வைத்த பெயர் சென்சார். யார் எந்தப் படத்தைச் சொன்னாலும் ஒரு தப்பைப் பிடித்துவிடுவார். மழையில் நனைந்த சட்டை அடுத்த காட்சியில் எப்படிக் காய்ந்தது, குண்டு பட்ட கையால் எப்படி ஸ்டியரிங் பிடித்தான் என்று குடைவார். அவரோடு படம் பார்ப்பதை அவர் மனைவியே விட்டுவிட்டாராம்.

"நீங்க எந்த நடிகரைப் பார்த்திருக்கீங்களாம்?" என்றார் எழுத்தர் குத்தலாக.

"பார்க்கறதென்ன, வண்டியில ஏத்திட்டே போயிருக்கேன். படத்துல பத்துப் பேரைப் பறக்கவிடறவர். நர்ஸ் ஊசியை எடுத்ததும் வண்டியே அதிர்ற மாதிரி 'அம்மா'ன்னு கத்தினார்."

"யாரு? பேரைச் சொல்லுங்க."

"அதெல்லாம் மூச். வண்டியில நடந்தது வண்டியோட போச்சு."

"நல்லா நழுவறீங்க! சரி, நேத்து டிவியில போட்டாங்களே, ஆம்புலன்ஸ்ல அண்ணன் மடியிலயே தம்பி உயிர் போற சீன். அதுக்கப்புறமும் சைரன் அலறிக்கிட்டே வண்டி பறக்குது. அழுதுட்டேன் சார். அதுலயும் தப்பா?"

"பெரிய தப்பே அதுதான். உயிர் போயிடுச்சுன்னா சைரனை அணைச்சிடணும். எங்க முறை அது. அவசரம் இருந்தாத்தானே வழி கேக்கணும்?"

"மறந்துபோய்ப் போட்டுக்கிட்டே போயிருப்பார். இல்லே சுவிட்சு கெட்டுப்போயிருக்கும்."

"என் வண்டியில சைரன் ஒரு நாளும் மக்கர் பண்ணினதில்லை சார். சோதிச்சுப் பார்க்காம வண்டியை எடுக்கவே மாட்டேன்."

மூலைக் கட்டிலில் இருந்த அம்மா முதன்முறையாக வாயைத் திறந்தார். பள்ளி ஆசிரியை. தோள் இறுகிப்போய், இந்த வாரம்தான் வர ஆரம்பித்திருந்தார்.

"அப்ப, நடுவழியில சைரன் நின்னா அர்த்தம் அதுதானா?"

"அதேதான்மா. வேற என்ன?" என்றார் டிரைவர் மிடுக்காக.

ஆசிரியை தோளிலிருந்த சூட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனப்ப நான் முன்சீட்டுல இருந்தேன். பாலத்துக்கிட்ட சைரன் நின்னுச்சு. என்னன்னு கேக்க டிரைவர் பக்கம் திரும்பினேன். வாய் வரலை. அதுக்குள்ள மறுபடி கத்த ஆரம்பிச்சிடுச்சு. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் கத்திக்கிட்டேதான் போச்சு. டாக்டர் பார்த்துட்டு, 'இப்பதான்'னு சொன்னார்."

ஆசிரியை தொடர்ந்தார்.

"நெஞ்சு வலின்னார். வாயுவா இருக்கும்னு வெந்நீர் கொடுத்து உட்கார வச்சேன். உடனே ஏன் கூப்பிடலைன்னு என் நாத்தனார் இன்னும் கேக்கறாங்க. வாசல்வரைக்கும் உயிரோட கொண்டுபோய்ச் சேர்த்தேனேன்னு சொல்லித்தான் நாளை ஓட்டிக்கிட்டிருக்கேன். அவர் பாலத்துலயே போயிட்டாரா?"

"எப்பம்மா நடந்தது?" டிரைவரின் குரலில் மிடுக்கு இல்லை.

"பெரிய வெள்ளம் வந்துதே, அந்த வருஷம். டிரைவர் முகம்கூட ஞாபகமில்லை. அந்தச் சத்தம் மட்டும் காதுலயே இருக்கு."

டிரைவர் கண்ணை மூடித் திறந்தார்.

"அப்ப ஓடினதெல்லாம் பழைய வண்டிம்மா. சுவிட்சு லொடலொடன்னு இருக்கும். பாலத்துல ஏறும்போது வண்டி தூக்கிப் போட்டா தானா நின்னுடும். ஒரு தட்டு தட்டினா மறுபடி கத்தும். எனக்கே எத்தனையோ தடவை ஆகியிருக்கு."

"நிஜமாவா?"

"நீங்களே யோசிங்க. உயிர் போயிருந்தா அந்த ஆள் எதுக்கு மறுபடி போடப்போறார்? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

ஆசிரியை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நேரம் முடிந்து எழுந்தவர், டிரைவரின் கட்டிலருகே நின்றார்.

"இதை என் நாத்தனார்கிட்ட சொல்லணும். ரொம்ப நன்றிங்க."

கதவு மூடியதும் எழுத்தர் பிடித்துக்கொண்டார்.

"மாட்டினீங்களா சென்சார்! ஊர்ல இருக்கிற படத்துலெல்லாம் தப்புக் கண்டுபிடிச்சீங்களே, உங்க கதையில நான் கண்டுபிடிச்சுட்டேன். சைரன் ஒரு நாளும் மக்கர் பண்ணலைன்னீங்க. அடுத்த நிமிஷமே எத்தனையோ தடவைங்கறீங்க. ரெண்டுல எது பொய்?"

"ரெண்டாவது."

"பாவம் அந்தம்மா, உங்களை நம்பிப் போறாங்க. அவங்க வண்டியில சுவிட்சு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

டிரைவர் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"இது இந்த ரூமோட போகணும் சார். சுவிட்சு நல்லாத்தான் இருந்துச்சு. பின்னாடி நர்ஸ் தலையை ஆட்டறது கண்ணாடியில தெரிஞ்சுது, அணைச்சேன். அந்தம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தாங்க. மறுபடி போட்டுட்டேன்."