திமிங்கலம் மேலே வரும்வரை

திமிங்கலம் வாலைத் தூக்கி ஒரு முங்கு முங்கியது. அத்தோடு டிவி திரை நீலமாகி நின்றுவிட்டது.

சோபாவில் இருந்த மூவரும் அசையவில்லை.

நடுவில் இருந்தவள் பிளேயரையே பார்த்தாள். இந்த பிளேயரை ஆசை ஆசையாக வாங்கி வந்தவளே அவள்தான்.

தாயில்லாப் பெண் இருந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வாழ வந்தவள் அவள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. வரும்போது ஒரு பெட்டி நிறைய டிவிடி கொண்டுவந்தாள். வீட்டில் முன்பே இருந்தவை, டிவிடிக்கும் முந்தைய காலத்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெரிய லேசர் டிஸ்குகள். மகளின் அம்மா சேர்த்து வைத்தவை. அவற்றை ஓட்டிய பழைய மெஷினும் அந்த அம்மாள் போன கையோடு பழுதாகிவிட்டது.

கடை கடையாக ஏறி இறங்கி, இரண்டுக்கும் பொதுவான ஒரு பிளேயரைத் தேடிப் பிடித்தாள். டிஸ்க் வைக்க வெளியே வரும் தட்டு ஒன்றே ஒன்று. அதில் பெரிய டிஸ்குக்கு ஒரு வட்டப் பள்ளம். அதன் நடுவிலேயே டிவிடிக்கு ஒரு சின்னப் பள்ளம். பழையதை வெளியே தள்ளாமலே புதியதற்கும் இடம் இருந்தது. ஆண்டவனே கையைப் பிடித்துக் காட்டியது போலிருந்தது அவளுக்கு.

பெரிய டிஸ்கில் படம் இரண்டு பக்கமும் இருக்கும். பாதியில் யாராவது எழுந்து திருப்பிப் போட வேண்டும். இந்த பிளேயருக்கு அதுவும் தேவையில்லை, மறுபக்கத்துக்குத் தானே போய்விடும். அவள் கணவர் பஸ் ஓட்டுபவர். "கியரே மாத்த வேணாம், வண்டி தானாப் போகும்!" என்று காலையில் ஒரு டிஸ்கைப் போட்டுக் காட்டினார். சொன்னபடியே ஓடியது.

மகள் மத்தியானம் முழுக்க ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண் அவளை முறைத்ததில்லை, எதிர்த்துப் பேசியதில்லை. கூப்பிட்டதும் இல்லை. "இந்தாங்க", "போதுங்க". அவ்வளவுதான் பேச்சு. படுக்கப்போகும் முன் கைகூப்பும்போதெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான்: இந்தப் பிள்ளை என்னை ஏதாவது சொல்லிக் கூப்பிடட்டும்.

இப்போது மூவரும் சேர்ந்து பார்க்கும் முதல் படமே, அதுவும் மகளின் அம்மா சேர்த்து வைத்த படம், பாதியில் நின்றுவிட்டது.

"காலையில நல்லாத்தானே ஓடுச்சு! அந்தக் கடைக்காரன் மட்டும் என் பஸ்ல ஏறட்டும்..." கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மாதான் எழுந்து திருப்புவாங்க. 'மூச்சைப் பிடிச்சுக்கோ'ம்பாங்க. திமிங்கலம் மேல வர்ற வரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது."

கணவர் மடித்த கையை அப்படியே விட்டுவிட்டார். அவள் வந்த பிறகு அந்த வீட்டில் 'அம்மா' என்ற சொல் வெளியே வந்தது அப்போதுதான்.

எழுந்தால் இன்னொருத்தி இடத்தைப் பிடுங்கியது போலாகுமோ? எழாமல் இருந்தால் அந்த இடம் காலியாகவே கிடக்குமே?

எழுந்தாள். தட்டு வெளியே வந்தது. நாளெல்லாம் லென்ஸை ரேகை படாமல் எடுத்துப் பழகிய விரல்கள் அவளுடையவை. ஆனாலும் கேட்டாள். "இதை எப்படிப் பிடிக்கணும்? சொல்லித் தர்றியா?"

மகள் வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். "ஓரத்தை மட்டும் பிடிங்க. ரெண்டு கையாலயும். ஆங், அப்படித்தான்."

"டீச்சரம்மா, பிரம்பு எடுத்துட்டு வரவா?" என்றார் அப்பா பின்னாலிருந்து.

"நீங்க சும்மா இருங்கப்பா. இன்னும் கொஞ்சம் உள்ள... வெச்சுட்டீங்க. மூச்சைப் பிடிச்சுக்கோங்க, சித்தி!"

பிடிப்பதற்கு அவளிடம் மூச்சு ஏது? அந்த ஒரு சொல்லிலேயே அது நின்றுபோயிருந்தது.

கன்னம் உப்ப மூவரும் காத்திருந்தார்கள். திரையில் கடல் அசைந்தது. சட்டென்று தண்ணீரைப் பிளந்துகொண்டு அது மேலே வந்து, வானத்தைப் பார்த்து ஊதியது. கணவர் பஸ் பிரேக் போலப் புஸ்ஸென்று மூச்சை விட்டார். மகள் சிரித்துச் சிரித்து அவள் தோளிலேயே சாய்ந்துவிட்டாள்.

படம் முடிந்து மகள் வெளியே ஓடிய பிறகு கணவர் ரிமோட்டை எடுத்து நோண்டினார்.

"அட, பழுதெல்லாம் ஒண்ணும் இல்ல. தானாத் திரும்புறதை யாரோ நிறுத்தி வெச்சிருக்காங்க. நீயா?"

"நான் அதைத் தொடவே இல்லையே."

"நானும் இல்ல."

இருவரும் மகள் ஓடிய வாசலைப் பார்த்தார்கள். பிறகு அவர் கட்டைவிரல் அதை மறுபடி இயக்கும் பொத்தானைத் தேடிப் போனது.

அவள் அந்த ரிமோட்டை மெல்ல வாங்கி, மகள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே வைத்தாள்.