வருஷத்துக்கு ஒரு வயசு

"மீசையை இன்னும் கொஞ்சம் அடர்த்தியா வை நைனா. பத்தொம்போது முடிஞ்சிச்சில்ல" என்றாள் கெங்கம்மா.

"ரொம்ப வெச்சா ரவுடி கணக்கா கீவான்மே" என்றார் நீலமேகம்.

"இருக்கட்டும். அவங்கப்பன் கணக்கா நோஞ்சானா கீறதுக்கு ரவுடியே மேலு. சட்டையையும் மாத்து. போன வருஷம் போட்டது இப்போ அவனுக்குப் பத்துமா?"

பெண் பார்க்கப் போகிற பையனைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் தெருவில் போகிறவன் நினைப்பான். அந்தப் பையன் கெங்கம்மாவின் மகன் அறிவு, ஏழு வயசில் தண்டவாளத்துப் பக்கம் பட்டம் விடப் போனவன். திரும்பி வரவேயில்லை.

வருஷா வருஷம் கெங்கம்மா அதே படத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். நீலமேகம் முகத்தை நீட்டி, கழுத்தைத் தடிப்பாக்கி, ஒரு வயசைக் கூட்டித் தருவார்.

கொருக்குப்பேட்டையில் அவர் பிழைப்பே செத்தவர்களை வரைவதுதான். ரேஷன் கார்டுப் படம் ஒன்று போதும், மூட்டை தூக்கியே முதுகு வளைந்தவனுக்கும் கோட்டு மாட்டி நிமிர்த்தி உட்காரவைத்துவிடுவார்.

பையன் காணாமல் போன அடுத்த வாரம் கடை வாசலில் ஒரு போலீஸ்காரன் வந்து நின்றான். போலீஸ்காரன் நல்லதுக்கா வருவான்? கால்வாயில் ஒரு பிள்ளையின் உடம்பு ஒதுங்கியிருந்தது.

"வந்து பாத்தவங்க எல்லாம் எங்க புள்ள இல்லன்னுட்டாங்க பெருசு. மூஞ்சி ஊறிப்போயிருக்கு. நீ பாத்து வரைஞ்சி குடு, நோட்டீஸ் ஒட்டணும்."

மார்ச்சுரியில் துணியை விலக்கியதுமே நீலமேகத்துக்குத் தெரிந்துவிட்டது. முகம் ஊறினாலும் காது மாறாது. பெயிண்ட் டப்பாவில் கை விட்டதற்கு அந்தக் காதைத் திருகி எத்தனை தடவை விரட்டியிருக்கிறார்.

கூலிக்காரி கொடுத்த புகாரை எவன் மதித்திருப்பான், கெங்கம்மாவை இவன்கள் கூப்பிட்டே இருக்கமாட்டான்கள் என்று நினைத்துக்கொண்டார். உள்ளபடி வரைந்தால் அந்த நோட்டீஸ் அவள் வீட்டுச் சுவரிலேயே வந்து உட்காரும். அதை வரைந்த கை இதுவா இருக்க வேண்டாம் என்று, எவனோ ஒரு பிள்ளையின் முகத்தை வரைந்து கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

யாரும் தேடி வரவில்லை. அநாதைப் பிணம் என்று புதைத்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் கெங்கம்மா அறிவின் ஸ்கூல் போட்டோவோடு வந்தாள். "இதுல ஏழு வயசு கீது நைனா. இப்போ எட்டு ஆயிருக்குமே, எட்டா வரைஞ்சி குடு."

அன்றைக்குப் பிடித்தது பாவம். பெற்றவளை ஒப்பாரி வைத்து அழக்கூட விடாமல், வாசலைப் பார்த்து உட்காரவைத்துவிட்டோமே என்று அவருக்குச் சோறு இறங்காது. அவள் படத்தைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் இவர் பிரஷைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொள்வார்.

இன்றைக்கும் அவள் சிரித்தாள். "தோ பார் நைனா, கன்னத்துல சதை வெச்சிகினு எப்பிடிக் கீறான்!"

நீலமேகம் பிரஷைக் கீழே போட்டார்.

"இனிமே என்னால ஆவாது கெங்கா. இந்தப் படத்தை எடுத்துகினு போ."

"இன்னா நைனா, ஒடம்பு செரியில்லியா?"

"அவன் வரமாட்டான்மே. எனக்குத் தெரியும். அன்னிக்கு அந்த நோட்டீஸ்ல நான்..." காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது.

கெங்கம்மா கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. கீழே கிடந்த பிரஷை எடுத்து முந்தானையில் துடைத்து, அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"அந்தப் பொணத்தோட காதைப் பாத்தும், என் புள்ள இல்லன்னு மொதல்ல சொன்னவளே நான்தான் நைனா. நீ வரை."