கத்தாத சார்

"நெட்ல கேட்டு எழுதினா அதுக்குப் பேரு காப்பி!" கணக்கு வாத்தியார் தன் மகளின் வீட்டுப்பாடத்தை மேஜைமேல் வீசினார்.

"நெட்ல பாடம் சொல்ற அந்த சார் விடையைச் சொல்ல மாட்டாருப்பா. புரியற வரைக்கும் சொல்லித் தருவாரு. நான்தான் கணக்கைப் போடுவேன்."

"ஏன், எங்கிட்ட கேட்டா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

"நீங்க கத்துவீங்க. அவர், 'பரவாயில்லடா கண்ணா, இன்னொரு தரம் பார்ப்போம்'னு சொல்வாரு."

"யாரு அந்த மகானுபாவன்? இது காப்பியா இல்லையான்னு அவனையே கேளு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் செல்போனில் தட்டினாள்.

வாத்தியாரின் சட்டைப்பையில் 'டிங்' என்றது. பேர் சொல்லாமல் அவர் பகுதி நேரமாகப் பாடம் சொல்லித் தரும் இணையதளத்திலிருந்து செய்தி. அவர் எப்போதும் மெச்சும், 'குட்டி எறும்பு' என்ற புனைபெயர் கொண்ட மாணவி கேட்டிருந்தாள்:

"சார், எங்கப்பா ரொம்பத் திட்டறாரு. உங்ககிட்ட கேக்கறது தப்பா?"

எதிரே மகள் பதிலுக்குக் காத்திருந்தாள். கூனிக் குறுகிப்போன வாத்தியாருக்கு, 'பரவாயில்லடா கண்ணா' என்று தட்டக் கை வரவில்லை.