அப்பாவுக்கு அப்பாவைக் கேள்

“ஏன் சாமி, மறுபடியும் பங்காளிப் பொண்ணையே காட்டுது?”

நாமக்கல்லில் திருமணத் தகவல் மையம் நடத்தும் சென்னியப்பன், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சோதனைக்கு எடுத்த 1417-ஆம் எண் மாப்பிள்ளைக்கு அது காட்டியது ஒரே பெண், 902. பத்துக்கு ஒன்பது பொருத்தம். ஆனால் இரண்டும் ஒரே கூட்டம், ஒரே குலம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை; பேச்சுக்கே இடமில்லை.

போன மாதம் இதே கம்ப்யூட்டரை நம்பி ஒரு வேன் நிறைய ஆட்கள் ராசிபுரத்துக்குப் பெண் பார்க்கப் போனார்கள். முப்பத்தெட்டு பஜ்ஜி தின்ற பிறகுதான் பெண்ணின் அப்பா கூட்டம் விசாரித்தார். பஜ்ஜியைத் திருப்பித் தர வழியில்லாமல், மாப்பிள்ளை அந்தப் பெண்ணுக்கு அண்ணனாகி, கல்யாணத்துக்குப் பீரோ வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

“இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா கடையைச் சாத்திப்போட்டு, கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கத்தான் போவோணும்.”

புரோகிராம் எழுதும் கௌதமன் தலை நிமிரவில்லை. பனமரத்துப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன். நம் கூட்டத்துப் பையன்தானே என்று, ஜாதகங்களுக்கு எண் போட்டுப் பதியும் மகள் கிருத்திகாவின் பக்கத்திலேயே அவனுக்கு நாற்காலி போட்டிருந்தார் சென்னியப்பன். ‘பெரியப்பான்னே கூப்பிடு’ என்றும் சொல்லிப் பார்த்தார். அவன் கூச்சப்பட்டு ‘ஐயா’விலேயே நின்றுவிட்டான்.

“ஃபார்முக்குள்ள ஃபார்முங்கய்யா. வெளிய கூட்டம், அதுக்குள்ள குடும்பம், அதுக்குள்ள ஜாதகம். உள்ள இருக்கறதுக்கு வெளிய இருக்கறதுதான் அப்பா. ஜாதகத்துக்குக் கூட்டத்துப் பேர் வேணும்னா அப்பா ஃபார்மைக் கேட்டாப் பத்தாது. அப்பாவுக்கு அப்பாவைக் கேக்கோணும்.”

“அப்பனுக்கே கூட்டம் தெரியாதா? அதென்ன குடும்பம்?”

“இந்த அப்பனுக்குத் தெரியாதுங்க. அதனால கூட்டத்தை உட்டுப்போட்டுப் பொருத்தத்தை மட்டும் பாக்குது. ‘பேரண்ட்’னு ஒருக்கா எழுதியிருக்குது, ரெண்டு வாட்டி எழுதோணும்.”

“ஒரு வார்த்தைக்கா மூணு வாரம்?”

“கை வரலீங்கய்யா.”

“இப்ப வரும். இல்லீனா வேற ஆளைக் கூட்டியாரேன்.”

கௌதமன் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். கல்லில் கொத்துகிறவன்கூட அதைவிட வேகமாக எழுதியிருப்பான். 902 மறைந்தது. ‘பொருத்தமானவர் எவரும் இல்லை’ என்றது திரை.

“இப்பத்தான் சரி.” மூன்று வாரத்தில் முதல் முறையாகச் சென்னியப்பனுக்குப் பசித்தது. பசியோடு கொஞ்சம் இரக்கமும் வந்தது. “ஆனாலும் பாவம். ஒம்போது பொருத்தம், இனி யாருக்கு அமையும்? ரெண்டு பேரு பேரையும் தொறந்து காட்டு. அவுங்க ஊட்டுல நானே பக்குவமாச் சொல்லிப்போடறேன்.”

“வேண்டாங்க பெரியப்பா. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சுங்க.”

கடைசியில் முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டானே என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

“நான் சொல்லாம அவுங்களுக்கு எப்படீம்மா தெரியும்?” என்று மகளைக் கேட்கத் திரும்பினார். கிருத்திகா துப்பட்டாவில் முகத்தைப் புதைத்திருந்தாள்.