ஏழாவது நாடு

"வெளிநாட்டுல ஒரு செமஸ்டர் இருக்காம உலகவியல்ல யாருக்கும் பட்டம் கிடையாது. விதி பதினாலு." துறைத்தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதுக்கு விலக்கு கேக்கத்தான் சார் வந்தேன். நான் வந்து..."

"கிணத்துத் தவளையா இருந்துக்கிட்டு உலகத்தைப் பத்திப் படிச்சா எப்படிம்மா?" கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு பட்டியலைத் தள்ளினார். "பன்னிரண்டு நாடு இருக்கு. ஒண்ணை டிக் பண்ணு."

மாணவி யோசிக்காமல் ஏழாவதை டிக் செய்தாள்.

எட்டிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். "இங்கேயா? ஒரு தடவை விமானம் மாற ரெண்டு மணி நேரம் அங்க உக்காந்திருந்தேன். போதும்னு ஆயிடுச்சு. வரிசையில நிக்கக்கூடத் தெரியாத ஜனங்க. சரி, பாஷையாவது தெரியுமா?"

"சமாளிச்சுப்பேன் சார்."

"என்னமோ போ. உள்ளூர்க் குடும்பத்தோட தங்கி, அவங்க பழக்கவழக்கத்தைப் பத்தி முப்பது பக்கம் எழுதணும்." கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் அந்த ஏழாவது நாட்டில் விமானத்திலிருந்து இறங்கி, பெட்டியோடு போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த அம்மா பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னடி, படிப்பை விட்டுட்டு வந்துட்டியா?"

"இல்லம்மா. படிக்கத்தான் வந்திருக்கேன்."

அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்ன விவரத்தை எல்லாம் அம்மா சிரிக்காமல் கேட்டாள். கை கழுவ எழுந்தவளைத் தடுத்து நிறுத்தினாள்.

"இந்த நாட்டுல அவங்கவங்க தட்டை அவங்கவங்களே கழுவணும். முதல் பக்கத்துல எழுதிக்கோ."